பதினான்காம் வளைவில் கால் ஊன்றாதவர்கள்

நெடுங்கோம்பை மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபத்திரண்டு, அதில் பதினான்காவது வளைவு எங்களுடையது, பதினைந்து வீடு, பாவாயியின் டீக்கடை, ஒரு முனியப்பன் கோயில், பிறகு என்னுடைய பஞ்சர் கடை, அவ்வளவுதான் ஊர். ஆனால் இந்த வளைவுக்கு யார் வந்தாலும் ஒரு காலையாவது தரையில் ஊன்றிவிட்டுத்தான் மேலே போகவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு, பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து இடது காலை நீட்டித் தாரைத் தொட்டுவிட்டுத்தான் கியர் போடுவார், பெண்கள் கைக்குழந்தையை இறக்கி உள்ளங்காலை ஒற்றி எடுப்பார்கள், கல்யாணக் கார் வந்தால் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொண்ணும் இறங்கத்தான் வேண்டும். காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் இறங்காமல் போனாலும் ஒன்றும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்த ஒரு தாசில்தார் இறங்கமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு போய் மேலே நன்றாகத்தான் இருந்தார். மலைக்கு வேண்டியது காலால் ஏறுகிறவர்கள். நடக்கிறவனுக்குக் கால் எப்போதும் தரையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கும் அப்படியே. அடிவாரத்தில் பெடலில் வைத்த காலை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஏற்றமாக ஏறி இந்த வளைவைத் தாண்டுகிறான் பாருங்கள், அவன் பதினைந்தாம் வளைவுக்குப் போய்ச் சேருவதில்லை.

முதலில் அப்படிப் போனவர் தபால்காரர் அங்கமுத்து. மாமியார் வீடு மேல்கோம்பையில், உச்சியில். பிரசவத்துக்குப் போயிருந்த சம்சாரத்துக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது என்று பால்காரன் சொன்னதும், எப்போதும் ஆறாம் வளைவிலேயே இறங்கித் தள்ளுகிற மனிதர், அன்றைக்கு இறங்கவே இல்லை. மத்தியானம் மூன்று நாற்பதுக்குச் சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். மறுநாள் மூன்று நாற்பதுக்குப் பதின்மூன்றாம் வளைவைத் திரும்பி மறுபடி வந்தார், அதே காக்கிச் சட்டை, அதே பை, அதே சிரிப்பு. அதற்கடுத்த நாளும் வந்தார். இப்படி முப்பத்தொரு வருஷம், மழையோ வெயிலோ, மூன்று நாற்பதுக்கு வந்து போனார்.

முதல் ஒரு மாதம் ஊர் அழுதது, பிறகு அவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. பாவாயியின் அம்மா அவருக்கென்று ஒரு சொம்பு தண்ணீர் நீட்டுவாள், அவர் ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பை வேலியோரம் வீசிவிட்டுப் போவார். சம்சாரம் குழந்தையோடு இறங்கிவந்து இங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டாள், சனிக்கிழமை தோறும் துவைத்த சட்டையை நீட்டுவாள், மிதித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார். அவருடைய அதிகாரி ஒருமுறை வந்து பார்த்தார், ஆள் தினமும் பையோடு சைக்கிளில் வேலையாகத்தான் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார், ஐம்பத்தெட்டு வயதானதும் ஓய்வு உத்தரவு வந்தது, அதையும் அவருடைய பையிலேயே போட்டோம். எழுதத் தோன்றும் ஆனால் போய்ச் சேரக்கூடாது என்று சில கடிதங்கள் இருக்கும் இல்லையா, அவற்றையெல்லாம் ஜனங்கள் அந்தப் பையில்தான் போடுவார்கள். நானும் இரண்டு போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எங்களுக்குப் பழகவில்லை. ஏறுகிறவர் காதில் நாம் சொல்வது விழாது, வேறு ஏதோ விழும். "இறங்குங்க மாமா, காலை ஊனுங்க" என்று சம்சாரம் தொண்டை வற்றக் கத்துவாள், அவர் கட்டை விரலை உயர்த்தி, "ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்சந்தான்" என்பார். தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்றே நினைத்தார். திட்டினாலும் அப்படித்தான், அழுதாலும் அப்படித்தான்.

அந்தக் குழந்தை வளர்ந்து முப்பத்தொரு வயது ஆளாகி, தாயைப் புதைத்த மறுவாரம், நடுரோட்டில் நின்று அப்பாவின் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான். அங்கமுத்துவின் கால் தரையில் பட்டது. முப்பத்தொரு வருஷ ஏற்றமும் அந்த நொடியில் அந்தக் காலுக்குள் இறங்கியது. "வந்துட்டனா?" என்று கேட்டார், மகன் "வந்துட்டீங்கப்பா" என்றான், அவ்வளவுதான், மூச்சு நின்றுவிட்டது. சைக்கிள் என் கடைக்கு வந்தது.

அந்த வாரமே மலை சரிந்தது. பதினேழாம் வளைவில் பாறை உருண்டு ஒரு பஸ்ஸைப் பள்ளத்தில் தள்ளியது, பதினோரு பேர். அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம், முப்பத்தொரு வருஷத்தில் இந்தப் பாதையில் ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. முதுகில் குழந்தை ஏறியிருக்கும்போது அசையாமல் படுத்திருக்கும் எருமை போல, யாராவது ஒருத்தர் ஏறிக்கொண்டே இருக்கும்வரை மலை அசைவதில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. புரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நாளில் நாங்கள் நல்லவர்கள்தான். ஒரு தகரப் பலகை வைத்தோம், "சைக்கிளில் வருவோர் இங்கே காலை ஊன்றவும்" என்று நான்தான் என் கையால் எழுதினேன், அது போதாதென்று சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் சாலைக்கு ஓடிப்போய்க் குறுக்கே நின்று சொல்வேன், ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க என்று கெஞ்சி இறக்குவேன். ஆறு வருஷம் சொன்னேன். ஆறு மழைக்காலமும் கல் உருண்டது. என் மகள் கோகிலவாணி மேல்கோம்பை ஆஸ்பத்திரியில் நர்ஸ், தாயில்லாத பிள்ளை, காலையில் ஏழு மணி பஸ்ஸில் ஏறுவாள், சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் இறங்குவாள். ஆறாம் வருஷ ஐப்பசியில் அவள் பஸ்ஸுக்கு நாலு அடி முன்னால் ஒரு பாறை விழுந்தது. வேலையை விட்டுவிடு சாமி என்றேன், "அங்க இருக்கறது நான் ஒருத்திதானுங்கப்பா" என்று சொல்லி மறுநாளும் போனாள். அந்த வருஷம் பலகையில் எழுத்து மங்கியது. பெயின்ட் டப்பா என் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது. மழை விடட்டும் என்றேன், பண்டிகை போகட்டும் என்றேன், ஊரில் ஒருவரும் ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை, பாவாயி மட்டும் எனக்கு டீயில் கொஞ்சம் அதிகமாகச் சர்க்கரை போட ஆரம்பித்தாள்.

சுதாகரும் மேனகாவும் வந்தது அடுத்த ஐப்பசியில். திருச்சிக்காரர்கள், இருவருக்கும் நாற்பது வயது இருக்கும், தனுஷ்கோடியில் கிளம்பி ஸ்ரீநகர் வரை சைக்கிளிலேயே போகிறார்கள் என்று பின்னால் அட்டையில் எழுதிக் கட்டியிருந்தது. சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள், கூடாரம், அடுப்பு, எல்லாமாக ஒரு மூட்டை நெல்லின் கனம் இருக்கும். இந்த மாதிரி நெடும்பயணக்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு, இந்த வளைவில் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் சின்ன கியரைப் போட்டுக்கொண்டு சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நெளிந்து நெளிந்து ஏறுவார்கள், நடக்கிறவன் அவர்களை முந்திவிடுவான், ஆனாலும் காலை மட்டும் ஊன்றமாட்டார்கள், ஊன்றிவிட்டால் அந்த மலை கணக்கில் சேராதாம். மேனகாவுக்கு அந்த வீம்பு இல்லை, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுகிறவள். அவருக்கு இருந்தது.

மூன்று நாற்பதுக்கு அவர் தனியாக வந்தார். மூக்கிலிருந்து வேர்வை சொட்டியது, தொடை நடுங்கியது, இன்னும் பத்து மிதியில் தானாகவே காலை ஊன்றியிருப்பார், சத்தியமாகச் சொல்கிறேன், என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஊன்றியிருப்பார். என் கடைக்கு எதிரே வந்தபோது மூச்சுக்கு நடுவில் கேட்டார்: "அண்ணே, உச்சிக்கு... இன்னும் எவ்வளவு தூரம்?"

என் கையில் ஒட்டுப்போட்ட டியூப் இருந்தது. டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் தங்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தரை மணி பஸ்ஸை நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்தானுங்க தம்பி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனார்.

நாற்பது நிமிஷம் கழித்து மேனகா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், டீ குடித்தாள், "எங்க வீட்டுக்காரர் போயிட்டாரா? ஏத்தம் முடியற இடத்துல எப்பவும் எனக்காகக் காத்திருப்பார்" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அன்றைக்கு ராத்திரி நல்ல மழை, ஒரு கல் உருளவில்லை, ஆறேழு வருஷத்துக்குப் பிறகு ஊர் அசந்து தூங்கியது. உச்சியில் மழை இருட்டில் தனியாக நின்றவளை என் மகள்தான் பார்த்திருக்கிறாள், பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே அவளோடு தங்கி, மறுநாள் லீவு போட்டு மத்தியான பஸ்ஸில் சைக்கிளோடு கீழே கூட்டிவந்தாள். இறங்கியதும் கோகிலா முதலில் பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலீங்களாப்பா?"

நான் சக்கரத்தைச் சுற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல நேரமும் இல்லை, மூன்று நாற்பது ஆகிவிட்டது.

பதின்மூன்றாம் வளைவிலிருந்து சுதாகர் நெளிந்து நெளிந்து வந்தார். மேனகா பக்கத்தில் ஓடினாள், "நில்லுங்க, இறங்குங்க, என்னைப் பாருங்க" என்று கத்தினாள், அவர் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்து, "இதோ ஆச்சு மேனு, மேலே வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாவாயி அவளை எழுப்பி முகம் கழுவவைத்து எல்லாவற்றையும் சொன்னாள், நல்ல மனசோடுதான் சொன்னாள். "அவருக்கு ஒரு நோவும் இல்லீங் அம்மிணி. பசி இல்ல, காய்ச்ச இல்ல. தெனமும் கண்ணால பாத்துக்கலாம். அங்கமுத்தண்ணன் சம்சாரம் இருந்த வீடு சும்மாதான் கெடக்குது, போன மாசந்தான் சுண்ணாம்பு அடிச்சோம்." போன மாதம் எதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள் என்று மேனகா கேட்கவில்லை. ஊரே அவளுக்குப் பாய் கொண்டுவந்தது, அரிசி கொண்டுவந்தது, பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து மாற்றி மாற்றி ஆறுதல் சொன்னார்கள். சாயங்காலம் அவள் எழுந்து நேராக என் கடைக்கு வந்தாள்.

"அவர் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாருங்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற கோகிலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. சொன்னேன். மேனகா என் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அது அவருக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை" என்றாள். "ஒவ்வொரு மலையிலயும் என்கிட்ட அதைத்தான் சொல்வார். அவர் சொன்னா மட்டும் நம்புவேன்." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. கோகிலா என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் சமைத்து வைத்துவிட்டு, காலையில் வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கே மேனகா தன் சைக்கிளைப் பைகளோடு சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது, இரண்டு நாள் ஏற்றம்தான், ஆள் பிழைத்துவிடுவார் என்பதும் தெரிந்தது, ஒரு மாதம் போனால் பிழைக்கமாட்டார் என்பதும் தெரிந்தது. பதினைந்து வீடும் வந்தது. யாரும் அவளைத் தொடவில்லை, மிரட்டவில்லை, அவளுக்கும் சாலைக்கும் நடுவில் சும்மா வந்து தோளோடு தோள் நின்றார்கள், கையில் டீ டம்ளரோடு, மழை வருமா என்று பேசிக்கொண்டு. நானும் நின்றேன். எனக்கு இந்தப் பக்கம் பாவாயி, அந்தப் பக்கம் பால்காரன். பதின்மூன்றாம் வளைவில் மணி கேட்டது. மேனகா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என் முகத்தில் நிறுத்தினாள்.

நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

அந்த இடைவெளி போதும் அவளுக்கு. சைக்கிளைப் பைகளோடு சாலையின் குறுக்கே தள்ளினாள், சுதாகர் அதில் மோதிச் சாய்ந்தார், இரண்டு காலும் தரையில் பட்டன. வெட்டிய கோழி போல அந்தக் கால்கள் துடித்ததைப் பார்க்க முடியவில்லை, அரை மணி நேரம் துடித்தன, மேனகா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தொடைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உச்சி வந்துருச்சா?" என்றார். "இல்ல. கீழே போறோம்" என்றாள். பால் வண்டியில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை பாரமாக இருந்திருக்காது.

வண்டி பத்தாம் வளைவு போவதற்குள் மேலே முதல் கல் உருண்டது. பிறகு இன்னொன்று. ஐந்து மணிக்குப் பதினேழாம் வளைவில் மண் சரிந்தது, சாயங்கால பஸ்ஸை மேலேயே நிறுத்திவிட்டார்கள். கோகிலா போன் செய்தாள்.

"அந்த அக்காளும் அண்ணனும் போயிட்டாங்களாப்பா?"

"போயிட்டாங்க கண்ணு. பத்திரமா போயிட்டாங்க."

"நீங்க நல்லாருப்பீங்கப்பா" என்றாள், முந்தின நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. "மண்ணை அள்ளறாங்களாம், நாளைக்கு அஞ்சரைக்குப் பஸ் விடுறாங்களாம். வந்து ரசம் வெக்கறேன்."

நாளைக்கு வராதே, அங்கேயே இரு என்றேன். நாளைக்கு இருந்தால் மறுநாள் வரவேண்டாமா என்று கேட்டாள். வெளியே வந்தால் ஊர் என் கடை வாசலில் நின்றது. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், ஒரு எட்டு பின்னால் வைத்தவன் நான்தானே.

மறுநாள் காலையில் அங்கமுத்துவின் சைக்கிளை இறக்கி, டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, அடிவாரத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஐம்பத்தேழு வயது, வலது முழங்காலில் நீர் கோத்திருக்கிறது, கியர் இல்லாத சைக்கிள். பன்னிரண்டு மணிக்குப் பெடலில் கால் வைத்தேன். நாலாம் வளைவில் வாந்தி எடுத்தேன், மிதித்துக்கொண்டே. எட்டாம் வளைவில் கண் இருட்டியது, ஓரம் ஓரமாக நெளிந்தேன், சாலையைக் கோணல் மாணலாக அளந்தேன். பத்தாம் வளைவில் ஊர் இறங்கி வந்து பின்னாலேயே நடந்தது, கைதட்டியது, பாவாயி அழுதுகொண்டே வந்தாள், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்." அன்றைக்கு அதை நிஜமாகவே சொன்னார்கள். பதினான்காம் வளைவில் என் கடையையும் மங்கிய பலகையையும் தாண்டினேன், வலி சட்டென்று நின்றது, முழங்காலில் எண்ணெய் விட்டது போல ஆனது, மேலே மலை பெருமூச்சு விட்டு அடங்கியது.

ஆமாம், இதைக் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதாக நினைத்திருந்தீர்கள் என்றால் தப்பு. மிதித்துக்கொண்டேதான் சொல்கிறேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. எனக்குப் பதினான்குக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ராத்திரி கிடையாது, ஒரே பிற்பகல்தான். ஒரு கல் உருளவில்லை, பஸ் நேரத்துக்கு ஓடுகிறது, பலகையை யாரும் எழுதவில்லை, என் பெஞ்சுக்கு அடியில் டப்பா அப்படியே இருக்கிறது.

கோகிலா மூன்று நாற்பதுக்கு வந்து நிற்பாள். சொம்பை நீட்டுவாள், சனிக்கிழமை சட்டையை நீட்டுவாள், கூடவே ஓடிவந்து ஏதோ கத்துவாள். எனக்குக் கேட்பது, "போங்கப்பா, இன்னும் கொஞ்சந்தான்!" அது அவள் சொல்வது இல்லை என்று எனக்குத் தெரியும், அங்கமுத்துவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், அந்த முகம் அதைச் சொல்கிற முகம் இல்லை. தெரிந்து என்ன, கட்டை விரல் தானாக உயர்கிறது, வாய் தானாகச் சிரிக்கிறது.

நேற்று அவள் சொம்பு கொண்டுவரவில்லை. ஒரு சைக்கிள் வைத்திருந்தாள், புதுசு, இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய பைகள், அதைச் சாலையோரம் நிறுத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்து மேனகா நின்றாள், எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் ஊர் டம்ளரோடு வந்து நிற்க ஆரம்பித்திருந்தது. நாலு வருஷ ஏற்றம் என் காலில் இருக்கிறது அம்மிணி, அது ஒரே நொடியில் இறங்கும், நீ போகிற பஸ் அதே பாதையில்தான் வரும், வேண்டாம் என்று கத்தினேன். அவள் காதில் என்ன விழுந்ததோ தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பதின்மூன்றாம் வளைவு இதோ திரும்புகிறேன். மணி மூன்று நாற்பது. எனக்கு பயமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தாரில் ஒருமுறை காலை வைக்கவேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. ஊர் தோளோடு தோள் நிற்கிறது. அதில் பாவாயி மட்டும் ஒரு எட்டு பின்னால் வைத்திருக்கிறாள். கோகிலா சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொல்கிறாள், இந்தத் தடவை அவள் வாயசைவும் எனக்குக் கேட்பதும் ஒன்றாகவே இருக்கிறது:

"இன்னும் கொஞ்சந்தானுங்கப்பா."